மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

எட்டாம் வகுப்பு அறிவியலில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது பென்சிலின், பிளெமிங், 1928 ஆகிய மூன்றையும் மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தேர்விலும் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். பாடம் முடிந்த மறுநாள், "வீட்டில் கோழி தூங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிராமத்துப் பள்ளியாக இருந்தால் பாதி வகுப்பு கை தூக்கும். கேப்சூலைப் பிரித்து அதிலிருக்கும் பொடியைச் சோற்றில் உருட்டிக் கொடுப்போம் என்பார்கள். அப்பத்தாவுக்குக் காய்ச்சலுக்கு வாங்கி மிச்சமிருக்கும் மாத்திரையில் பாதி என்பார்கள். கடையில் போய்க் கோழிக்கு என்று சொன்னால் ஒரு பொடி தருவார்கள், தண்ணீரில் கலந்து வைப்போம் என்பார்கள்.

நேற்று புத்தகத்தில் படித்த நுண்ணுயிர் எதிர்ப்பியும் அந்தச் சோற்று உருண்டைக்குள் போகும் பொடியும் ஒன்றாகவே இருக்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தோன்றுவதில்லை. பாடம் ஒரு பக்கம், கோழிக்கூடு ஒரு பக்கம் என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மனிதர்களின் நோயைப் பற்றிப் பேசும்போது மாணவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். கோழி என்றால் அவர்களே பேசுவார்கள். எந்தக் கோழி எப்போது எப்படிச் செத்தது என்று நாள் கணக்கோடு சொல்வார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாட்டுக்கோழி பல வீடுகளில் செல்லப்பிராணி, சேமிப்பு இரண்டுமாக இருக்கிறது. அடைகாக்கும் பெட்டைக்கு மாணவி ஒருத்தி பெயர் வைத்திருப்பாள். அதே பெட்டையின் முட்டை விற்ற காசில்தான் அவளுக்கு நோட்டும் வாங்கியிருப்பார்கள். ஆகவே "கோழிக்கு நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்த அறிவுரை வீடு வரை போகாது. கோழியும் பிழைக்க வேண்டும், மருந்தும் வீணாகக் கூடாது. இந்த இரண்டுக்கும் வழிகாட்டும் கேள்வி, "எந்த மாத்திரை?" என்பதல்ல, "என்ன நோய்?" என்பது.

வெள்ளையாகக் கழிந்தால்

வகுப்பில் நான் முதலில் கரும்பலகையில் எழுதுவது நோயின் பெயரை அல்ல, வீட்டில் சொல்லும் சொற்களை. தூங்குகிறது, இரை எடுக்கவில்லை, வெள்ளையாகக் கழிகிறது, ரத்தமாகக் கழிகிறது, கழுத்தைத் திருகிக்கொள்கிறது, முகம் வீங்கியிருக்கிறது, கொண்டையில் கொப்புளம். மாணவர்களே சொல்லச் சொல்ல எழுதலாம். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதற்குக் காரணம் யார் என்று எழுதத் தொடங்கினால் பாடம் தானே நடக்கிறது.

வெள்ளைக் கழிச்சல் என்று ஊரில் சொல்லும் நோய்தான் ராணிக்கெட். இமயமலை அடிவாரத்தில், இன்றைய உத்தரகண்டில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரின் பெயர் அது. 1920களின் பிற்பகுதியில் நம் நாட்டில் அந்த நோய் அங்கே அடையாளம் காணப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குச் சற்று முன், 1926இல், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் இதே நோய் கண்டறியப்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கால் இறக்கை செயலிழத்தல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். தெருவில் ஒரு வீட்டில் வந்தால் சில நாட்களில் தெருவே காலியாகிவிடும். காரணம் வைரஸ்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நுண்ணுயிர் எதிர்ப்பி பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும், அல்லது அது புரதம் தயாரிப்பதைத் தடுக்கும், அல்லது அதன் டி.என்.ஏ. பெருகுவதைக் கெடுக்கும். வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை, புரதம் செய்யும் சொந்த இயந்திரமும் இல்லை. அது கோழியின் செல்லுக்குள் புகுந்து கோழியின் இயந்திரத்தையே பயன்படுத்திக்கொள்கிறது. பூட்டே இல்லாத கதவில் சாவியை எங்கே நுழைப்பது என்று மாணவர்களிடம் கேட்கலாம். ராணிக்கெட்டுக்கு எத்தனை கேப்சூல் பிரித்துக் கொட்டினாலும் அந்த வைரஸுக்கு ஒன்றும் ஆகாது.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வரும் கோழி அம்மையும் வைரஸ்தான். கொசு அதைப் பரப்புகிறது. ரத்தக் கழிச்சல் வேறு கதை. அதற்குக் காரணம் எய்மீரியா என்ற ஒருசெல் உயிரி. ஈரமான, எச்சம் சேர்ந்த தரையில் அடைபடும் குஞ்சுகளுக்கு அது வரும், அதற்கான மருந்துகளும் வேறு. முகம் வீங்கி, மூக்கில் நீர் ஒழுகி, நாற்றமடிக்கும் கொரைசா என்ற நோய்க்குக் காரணம் பாக்டீரியா. கோழி காலராவும் பாக்டீரியாவால் வருவதே. (லூயி பாஸ்டர் 1880ஆம் ஆண்டை ஒட்டி இந்தக் கோழி காலராக் கிருமியை வைத்துத்தான், ஆய்வகத்தில் வலுவிழக்கச் செய்த கிருமியால் நோயைத் தடுக்க முடியும் என்று காட்டினார். தடுப்பூசி வரலாற்றில் கோழிக்குப் பெரிய இடம் உண்டு. இதை மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள்.)

குஞ்சுகளுக்கு வெள்ளையாகக் கழியச் செய்யும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவும் உண்டு. அதாவது ஒரே நிறக் கழிச்சலுக்கு வைரஸும் காரணமாகலாம், பாக்டீரியாவும் காரணமாகலாம். கண்ணால் பார்த்து மட்டும் பிரித்துவிட முடியாது. கால்நடை மருத்துவர் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. அவர் மந்தையில் எத்தனை கோழிக்கு வந்தது, எந்த வயதில் வந்தது, தடுப்பூசி போட்டதா என்று கேட்பார். தேவைப்பட்டால் இறந்த கோழியை அறுத்துப் பார்ப்பார். எச்சத்தைச் சோதிக்கச் சொல்வார்.

"கொடுத்தேன், சரியாப் போச்சு"

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு எதிர்ப்பு எழும். எழாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். "எங்க கோழிக்கு அம்மை வந்தப்ப மாத்திரை கொடுத்தோம் சார், ரெண்டு வாரத்துல சரியாப் போச்சு." அந்த மாணவன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்ததைச் சொல்கிறான். அவனை அடக்கிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தால் அறிவியல் வகுப்பின் மிக நல்ல பத்து நிமிடத்தை இழந்துவிடுவோம்.

"மாத்திரை கொடுக்காத கோழி எதுவும் அந்தச் சமயத்தில் இருந்ததா?" என்று திருப்பிக் கேளுங்கள். தோலில் மட்டும் கொப்புளம் வரும் அம்மையில் பல கோழிகள் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடும். மாத்திரை கொடுத்த வீட்டிலும் தேறும், கொடுக்காத வீட்டிலும் தேறும். கொடுத்த வீட்டில் புகழ் மாத்திரைக்குப் போகும். செத்துப்போனால், தாமதமாகக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். எப்படிப் போனாலும் மாத்திரை தோற்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லாத சோதனையில் முடிவு எதுவும் தெரியாது என்பதை எட்டாம் வகுப்பில் இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் உண்மையின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். வைரஸ் நோயில் நலிந்த கோழியைச் சில நேரம் பாக்டீரியாவும் பிடித்துக்கொள்ளும். அப்போது மருத்துவர் நுண்ணுயிர் எதிர்ப்பி எழுதித் தருவார், அது நியாயமானது. "வைரஸ் என்றீர்களே, டாக்டர் ஏன் கொடுத்தார்?" என்று ஒரு மாணவி கேட்டால் அவளைப் பாராட்டிவிட்டு இதை விளக்கலாம்.

மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி என்று வீட்டு வைத்தியமும் பேச்சில் வரும். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அவை தடுப்பூசியின் இடத்தை நிரப்பாது என்று மட்டும் சொன்னால் போதும்.

யாருக்குப் பழகிப்போகிறது?

"அடிக்கடி மாத்திரை சாப்பிட்டா உடம்புக்குப் பழகிடும், அப்புறம் கேக்காது." மாணவர்கள் மட்டுமல்ல, நம் ஓய்வறையிலும் கேட்கும் வாக்கியம் இது. பழகிப்போவது உடம்பு அல்ல, கிருமி. தமிழில் சொற்களும் கொஞ்சம் குழப்புகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் கோழிக்கு இருப்பது. நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து. மருந்து எதிர்ப்புத்திறன் கிருமிக்கு வருவது. மூன்றிலும் ‘எதிர்ப்பு’ இருப்பதால் விடைத்தாளில் மூன்றும் கலந்து வரும். யாருடைய எதிர்ப்பு, யாருக்கு எதிராக என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பழக்குவது நல்லது.

பழகுதல் என்ற சொல்லிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. தனி ஒரு பாக்டீரியா மருந்தைச் சுவைத்துச் சுவைத்துப் பழகுவதாக மாணவர்கள் கற்பனை செய்கிறார்கள். நடப்பது தேர்வு. கூட்டத்தில் ஏற்கெனவே தாக்குப்பிடிக்கும் சில இருக்கின்றன, மருந்து மற்றவற்றை அகற்றி அவற்றுக்கு இடம் விடுகிறது. ஈ. கோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 10 மணி நேரத்தில் 30 முறை. இரண்டை 30 முறை பெருக்கினால் 107 கோடியைத் தாண்டும். கணக்கு ஆசிரியரைத் துணைக்கு அழைக்கலாம்.

இதைக் கையால் செய்து காட்ட இரண்டு தட்டும், கொஞ்சம் புளியங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் போதும். ஒவ்வொரு தட்டிலும் 18 புளியங்கொட்டை, 2 வேப்பங்கொட்டை வையுங்கள். புளியங்கொட்டை மருந்துக்கு மடியும் பாக்டீரியா, வேப்பங்கொட்டை மடியாதது. முதல் தட்டுக்கு மருந்து இல்லை. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, ஒரு பையில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு 20 எடுக்கச் சொல்லுங்கள். ஓரிரண்டு முன்னே பின்னே இருந்தாலும் புளியங்கொட்டையே நிறைந்திருக்கும். இரண்டாம் தட்டுக்கு மருந்து. 12 புளியங்கொட்டையை எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது 6 புளி, 2 வேம்பு. தாக்குப்பிடிப்பவை முன்பு பத்தில் ஒன்றாக இருந்தன, இப்போது நான்கில் ஒன்று. இரட்டிப்பாக்கினால் 12 புளி, 4 வேம்பு. மீண்டும் 12 புளியை எடுத்தால் தட்டில் வேப்பங்கொட்டை மட்டும்.

அடுத்த கேள்வியில்தான் இந்தச் செயல்பாட்டின் உயிர் இருக்கிறது. கோழிக்கு வந்திருப்பது ராணிக்கெட் என்றால் இந்தத் தட்டு எது? நோய் வைரஸ் ஆயிற்றே, பாக்டீரியா எங்கிருந்து வந்தது? சிறிது நேரம் காத்திருங்கள். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: கோழியின் குடலில் எப்போதும் இருக்கும், தீங்கு செய்யாத பாக்டீரியா. வைரஸுக்கு என்று கொடுத்த மருந்து வைரஸைத் தொடவே இல்லை, குடலில் சும்மா இருந்த கூட்டத்தில் போய்த் தேர்வு நடத்திவிட்டு வந்திருக்கிறது. கோழிக்கு நன்மை பூஜ்யம். வேப்பங்கொட்டை மட்டும் பெருகியது.

இன்னொரு விளையாட்டும் சேர்க்கலாம். பக்கத்துக் குழுவின் தட்டில் ஒரு வேப்பங்கொட்டையைக் கொண்டுபோய் வையுங்கள். பாக்டீரியாக்கள் எதிர்ப்புத்திறனுக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும், வேறு இனத்துக்கும்கூட. தீங்கற்ற குடல் பாக்டீரியாவிடம் இருக்கும் திறன் நோய் தரும் பாக்டீரியாவிடம் போய்ச் சேர அதுவே வழி.

ஒரு பண்ணையில் நடந்தது

கோழியின் குடலில் நடப்பது நம் வீட்டுக்குள் வருமா? அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவி 1970களில் இதை நேராகப் பார்த்தார். பாஸ்டன் அருகே ஒரு பண்ணையில் சுமார் 300 கோழிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் குறைந்த அளவு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் கொடுத்தார். ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடல் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய முழுவதுமாக அந்த மருந்தைத் தாங்குபவையாக மாறின. வாரங்கள் செல்லச் செல்ல, கொடுக்காத வேறு மருந்துகளையும் தாங்கத் தொடங்கின. ஐந்தாறு மாதத்துக்குள் பண்ணையில் குடியிருந்த குடும்பத்தாரிடமும் அவை வந்தன. அவர்களிடம் எடுத்த மல மாதிரிகளில் நூற்றுக்கு 31இல், ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மருந்தைத் தாங்கும் பாக்டீரியா இருந்தது. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் நூற்றுக்கு 7கூட இல்லை. இந்த ஆய்வு 1976இல் வெளிவந்தது. மருந்துத் தீவனத்தை நிறுத்திய பிறகு சில மாதங்களில் குடும்பத்தாரில் பெரும்பாலோரிடம் அவை மறைந்தன என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பயமுறுத்துவதோடு நிறுத்திவிடக் கூடாது.

அந்தப் பண்ணையில் யாரும் மாத்திரை விழுங்கவில்லை. கோழிக்குத் தீவனம் வைத்தார்கள், கூட்டைக் கூட்டினார்கள், அவ்வளவே. நம் வீடுகளில் கோழிக்குக் கொடுக்கும் மருந்துகள் பல, நமக்குக் கொடுப்பவையே, அல்லது அவற்றின் நெருங்கிய உறவு. கோழிக்குத் தரும் என்ரோபிளாக்சசின் அதன் உடலில் ஓரளவு சிப்ரோபிளாக்சசினாகவே மாறுகிறது. அது மனிதர்களுக்கு எழுதித் தரும் மருந்து. அமெரிக்கா 2005இல் என்ரோபிளாக்சசினைக் கோழிகளுக்குக் கொடுக்கும் அனுமதியை விலக்கிக்கொண்டது. வேறு எதுவும் கேட்காத நிலையில் மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதைத் தாங்கும் மரபணு பிளாஸ்மிட்டில் பரவுவதை 2015இல் சீனாவில் கண்டார்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தயாரிக்கவும் விற்கவும் இந்தியா 2019 ஜூலையில் தடை விதித்தது.

பாதி மாத்திரைக் கணக்கு

60 கிலோ மனிதருக்கான கேப்சூலில் பாதியை ஒன்றரைக் கிலோ கோழிக்குக் கொடுக்கிறோம். எடையில் 40 மடங்கு வித்தியாசம். அப்படியானால் நாற்பதில் ஒன்று கொடுத்தால் சரியா? அதுவும் சரியில்லை. பறவையின் உடல் மருந்தை உறிஞ்சுவதும் வெளியேற்றுவதும் வேறு வேகத்தில் நடக்கின்றன. தண்ணீரில் கலந்து வைத்தால் இன்னொரு சிக்கல். நோயுற்ற கோழி தண்ணீர் குறைவாகக் குடிக்கும். நலமாக இருக்கும் கோழி நிறையக் குடிக்கும். மருந்து வேண்டியதற்குக் குறைவாகவும் வேண்டாததற்கு அதிகமாகவும் போகிறது. போதாத அளவு கிருமியைக் கொல்லாமல் மருந்தைத் தாங்கும் கிருமிகளை வளர்த்துவிடும் என்று பிளெமிங்கே 1945இல் தம் நோபல் உரையில் எச்சரித்திருக்கிறார். 1928 என்ற ஆண்டோடு இந்த ஆண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

முட்டைக்கு வருவோம். மஞ்சள் கரு ஒரே நாளில் உருவாவதில்லை. ஏறக்குறைய பத்து நாட்கள் வேகமாக வளர்ந்து பிறகு முட்டையாக வெளிவருகிறது. இன்று கோழி விழுங்கும் மருந்து அடுத்த வாரம் இடப்போகும் முட்டையின் கருவிலும் சேரலாம். அவித்தால் போய்விடும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு மருந்துக்கும் நிறுத்திய பின் இத்தனை நாள் முட்டையும் கறியும் கூடாது என்று ஒரு கெடு உண்டு. மருத்துவர் எழுதித் தரும்போது இதைக் கேட்டு, நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரை அட்டையில் இந்தக் கெடு இருக்காது.

கோழி தூங்கினால்

முதலில் அதைத் தனியாகப் பிரித்து, காற்றோட்டமான, குளிர் படாத இடத்தில் விட்டு, சுத்தமான தண்ணீர் வைக்க வேண்டும். மற்ற கோழிகளுக்குத் தீவனம் வைத்த பிறகே இதனிடம் போக வேண்டும், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழிச்சலின் நிறம், எத்தனை நாள், எத்தனை கோழி, கடைசியாகத் தடுப்பூசி எப்போது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான அவசர ஊர்தியின் எண் 1962. பாக்டீரியா என்று மருத்துவர் முடிவுசெய்து மருந்து கொடுத்தால், அவர் சொன்ன அளவு, சொன்ன நாட்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மிச்சமானதை அடுத்த கோழிக்கு என்று எடுத்து வைக்கவும் வேண்டாம். இறந்த கோழியைக் குளத்திலோ குப்பையிலோ எறியாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். திடீரென்று பல கோழிகள் சேர்ந்து செத்தால் தொடாமல் உடனே தகவல் சொல்ல வேண்டும்.

ராணிக்கெட்டுக்கு மருந்து இல்லை, தடுப்பூசி இருக்கிறது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வார வயதில் இறக்கைக்கு அடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை இலவசமாக நடத்துகிறது. முகாம் தேதியை மருந்தகத்தில் கேட்டு இறைவணக்கக் கூட்டத்தில் அறிவித்தால், அன்று மாலை கூடையில் கோழியோடு எத்தனை வீட்டார் போகிறார்கள் என்று பார்க்கலாம்.

நவம்பர் 18 முதல் 24 வரை உலகம் முழுவதும் மருந்து எதிர்ப்பு விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம் தரலாம். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளில் நெடுக்காகச் சிவப்புக் கோடு போட்டவை எவை என்று பெரியவர்களோடு சேர்ந்து பார்த்து எழுதிவர வேண்டும். சிவப்புக் கோடு உள்ளவை எல்லாம் நுண்ணுயிர் எதிர்ப்பி அல்ல. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதவை என்பதே அதன் பொருள். எது யாருக்காக வாங்கியது, ஏன் மிஞ்சியது, கோழிக்கு எப்போதாவது கொடுத்தார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உண்மையாக எழுதுவார்கள். அட்டைகளை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கையில் மாத்திரை கிடைத்துவிடும். நோட்டில் அட்டையை வரைந்து, கோட்டுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி வந்தால் போதும்.